ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

"சி டிரைவைத்தானே ஃபார்மட் பண்றோம், டி டிரைவில் இருக்கிற ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது!" கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால், அந்த ஃபைல்கள் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் கதை வேறு.

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையில் இருப்பவர்கள், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அதைத் தூக்கிக்கொண்டு அரூருக்கு இறங்க வேண்டும். திரும்ப மலையேறிய பிறகு ஃபைல் திறக்கவில்லை என்றால்? சாதிச் சான்றிதழையாவது மறுபடி வாங்கிவிடலாம். இறந்துபோன பாட்டியின் குரல் பதிவை எங்கே போய் வாங்குவது? எனவே, விண்டோஸ் கொஞ்சமாவது திறக்கிறது என்றால், கிளம்பும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் புரோ பதிப்புகளில் இ.எஃப்.எஸ் என்றொரு பூட்டு உண்டு. ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில், அட்வான்ஸ்டு பகுதியில் ஒரே ஒரு டிக்... அவ்வளவுதான், உள்ளே இருப்பதெல்லாம் பூட்டப்பட்டுவிடும். என்னவென்று தெரியாமலே டிக் போட்டவர்களும் இருப்பார்கள். நீங்கள் வழக்கம்போல லாகின் செய்யும்வரை ஃபைல்கள் சாதாரணமாகத் திறக்கும் என்பதால், பூட்டு இருப்பதே தெரியாது. பழைய விண்டோஸில் ஃபைல் பெயர் பச்சை நிறமாக மாறும். விண்டோஸ் 10, 11-ல் ஐகான் மீது குட்டிப் பூட்டு தெரியும். மொத்தமாகத் தேட, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'சைஃபர்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு சாய்கோடு யு, மறுபடி இடைவெளி விட்டு சாய்கோடு என் கொடுங்கள். பூட்டிய ஃபைல்களின் பட்டியல் வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், ஃபைல் டி டிரைவில் இருந்தாலும் சாவி இருப்பது சி டிரைவில், உங்கள் யூஸர் கணக்குக்குள். சி டிரைவை ஃபார்மட் செய்தால் சாவி போய்விடும். அதே பெயர், அதே பாஸ்வேர்டில் புதுக் கணக்கு தொடங்கினாலும் பழைய சாவி வராது. பாஸ்வேர்டு மறந்துபோய், வேறு கணக்கிலிருந்து ரீசெட் செய்தாலும் இதே கதிதான். பழைய பாஸ்வேர்டு ஞாபகம் வந்தால் மட்டும் தப்பிக்கலாம்.

அதனால், திறக்கும்போதே அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஃபைல்களைப் பென்டிரைவில் காப்பி செய்துவிடுங்கள். பூட்டு வேண்டும் என்பவர்கள், 'மேனேஜ் ஃபைல் என்க்ரிப்ஷன் சர்ட்டிஃபிகேட்ஸ்' என்பதைத் தேடிச் சாவியைத் தனியாக பேக்கப் எடுக்கலாம். ஃபார்மட் செய்யாமல் புது விண்டோஸ் போட்டிருந்தால், 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரில் பழைய சாவி கிடைக்க வாய்ப்பு உண்டு. பத்து நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும், சீக்கிரம் காப்பி எடுங்கள்.

லேப்டாப் ஆன் ஆகும்போதே 48 இலக்க எண் கேட்டால் அது பிட்லாக்கர். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ஃபைல் பெயர்களின் வால் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பும் கிடந்தால் அது ரான்சம்வேர். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையையே முடக்கிய வகை இது. பணம் கட்டினாலும் சாவி வரும் என்று உத்தரவாதம் இல்லை. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், 1930-க்குப் புகார் சொல்லுங்கள். நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. உங்கள் வகைக்கு இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.