விரல் நுனியில் ஓர் அமானிதம்

அண்மையில் சேலையூரிலுள்ள என் மூத்த சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். தமிழில் செய்தி அனுப்ப வசதியாக, வண்ணப் பின்னணிகள் நிறைந்த விசைப்பலகைச் செயலி ஒன்றை அவருடைய மகன் கைப்பேசியில் நிறுவிக்கொண்டிருந்தான். கடவுச்சொல், வங்கி அட்டை எண் உட்படத் தட்டச்சு செய்யும் அனைத்தையும் இச்செயலி திரட்டக்கூடும் என்று திரையில் எச்சரிக்கை தோன்றியது. "எல்லாத்துக்கும் இப்படித்தான் வரும் மாமா" என்றபடியே 'சரி' என்பதைத் தொட்டான்.

அந்த எச்சரிக்கை வெறும் சடங்கன்று. 2017 டிசம்பரில் 'ஏஐ.டைப்' என்னும் விசைப்பலகைச் செயலியின் தரவுத்தளம் கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 3.1 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முதலிய விவரங்கள் அதில் இருந்தன. அவர்களுடைய கைப்பேசிகளிலிருந்து எடுக்கப்பட்ட தொடர்புப் பட்டியல்களும் இருந்தன. அதாவது, அச்செயலியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்களின் எண்களும் வெளிப்பட்டன.

"வாட்ஸ்அப் செய்தியைத்தான் எவரும் படிக்க முடியாதே" என்று சிலர் கேட்பர். உண்மைதான், ஆனால் அந்தப் பூட்டு, செய்தி அனுப்பப்படும்போதுதான் விழுகிறது. விசைப்பலகையோ நாம் எழுதும்போதே ஒவ்வோர் எழுத்தையும் அறிகிறது. உறைக்குள் இடும் முன்பே கடிதத்தைப் படித்துவிடுபவனுக்கு உறையின் அரக்கு முத்திரை தடையாகுமா?

"மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்பது மற்றொரு வாதம். நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் சகோதரி தட்டச்சு செய்தவை அவருடைய இரகசியங்கள் மட்டுமல்ல: வரன் வீட்டாரின் விவரம், ஓர் உறவினரின் நோய், மற்றொருவரின் கடன். நம்மை நம்பிச் சொல்லப்பட்ட செய்தி அமானிதம். பிறர் இல்லத்தினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டுமென்று சூரா அந்நூர் கற்பிக்கிறது. அவ்வாறிருக்க, பிறர் வீட்டுச் செய்திக்கு அந்நியர் எவரோ நுழைய நாமே வாசலைத் திறந்து வைப்பது தகுமா?

தமிழில் எழுத இன்று அந்நியச் செயலி தேவையில்லை. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே ஐபோனில் தமிழ் விசைப்பலகை உள்ளது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுடன் வரும் கூகுளின் ஜிபோர்டிலும் தமிழ் உண்டு. அதன் அமைப்புகளில் பயன்பாட்டுத் தகவல் பகிர்வை நிறுத்தியும் வைக்கலாம். ஐபோனில் வேறு விசைப்பலகை அவசியமானால், அதற்கு 'முழு அணுகல்' அளிக்காதீர்கள். ஐயத்திற்குரிய செயலியை நீக்குவதோடு கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். சென்றுவிட்ட தகவல் செயலியை நீக்குவதால் திரும்பி வராது.

இளைஞர்களே, பெற்றோரின் கைப்பேசியில் 'சரி' என்பதைத் தொடுபவர்கள் பெரும்பாலும் நீங்களே. எனவே அவர்களுடைய அமானிதத்திற்கும் நீங்கள் பொறுப்பாளிகள். இன்றிரவே அக்கைப்பேசிகளைத் திறந்து, எந்த விசைப்பலகை இருக்கிறதென்று பாருங்கள். ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக் காப்போராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக!