பந்திக்கு மட்டுமா குடும்பம்?

ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டு ஜூலை 1 அன்று பிறக்கிறது. பெங்களூரின் சேவைச் சங்கங்களில் அப்போது பதவியேற்பு விழாக்கள் களைகட்டும். புதிய தலைவருக்கு மாலையும் சால்வையும். அவர் மனைவிக்கு ஒரு பூங்கொத்து. பிள்ளைகள் இறைவணக்கம் பாடுவார்கள். பிறகு பந்தி. அத்துடன் குடும்பத்தின் பங்கு முடிந்தது. அடுத்த அழைப்பு ஆண்டுக் கடைசிக் குடும்ப விழாவுக்குத்தான்.

குடும்பத்தைப் பந்திக்கு அழைத்துவிட்டுப் பணிக்கு அழைக்காமல் இருப்பது அநீதி. சேவையின் பெயரால் செய்தாலும் அநீதிதான்.

பெங்களூரின் ஆடுகோடி போன்ற வட்டாரத்தில் இதன் விலை அதிகம். 1950-களில் மைக்கோ வாகன உதிரிபாக ஆலை வந்த பிறகு ஷிப்டு கணக்கில் வாழப் பழகிய இடம் இது. இரவு ஷிப்டு முடித்து அப்பா தூங்குகிறார் என்று பிள்ளைகள் குரலை அடக்கிப் பேசி வளர்ந்த தமிழ் வீடுகள் இங்கே உண்டு. இன்று வீட்டுக்கான நேரத்தை ஓசூர் சாலை நெரிசல் தின்கிறது. எட்டு மணிக்குக் களைத்து வீடு திரும்பும் ஒருவர், சங்கக் கூட்டம் என்று மறுபடி செருப்பை மாட்டினால், வாரத்தில் மிஞ்சியிருந்த ஒரு மாலையும் வீட்டுக்கு இல்லை.

குடும்பத்தைப் பணிக்கு வெளியே நிறுத்தும் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி, ஆண்களின் சங்கமாகவே வளர்ந்தது. மனைவியருக்கு 'ஆன்' என்றும் பிள்ளைகளுக்கு 'ஆனெட்' என்றும் செல்லப்பெயர் கிடைத்தது, உறுப்புரிமை கிடைக்கவில்லை. 1924-இல் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் இன்னர் வீலைத் தொடங்கிப் பெண்களுக்கென ஓர் இடம் அமைத்தார். பெண்களைச் சேர்ப்பது பற்றி 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 1989-இல்தான் ரோட்டரி உலகெங்கும் பெண்களுக்குக் கதவு திறந்தது. லயன்ஸ் 1987-இல் திறந்தது. விதி மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் சங்கங்கள் பலவற்றில் மனைவி இன்னும் 'ஆன்'தான்.

குடும்பத்தைச் சேர்த்தால் ஒரே வீட்டின் ஆதிக்கம் வந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. கணவருக்குப் பின் மனைவி, மனைவிக்குப் பின் மகன் என்று பதவி கைமாறினால் அது சங்கமல்ல, சொத்து. ஆனால் அதற்கு மருந்து, ஆளுக்கு ஒரு வாக்கும் ஒளிவுமறைவற்ற தேர்தலும்தான், கதவை அடைப்பதல்ல. செலவு கூடும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. லயன்ஸில் ஒருவர் முழுச் சந்தா கட்டினால், அதே வீட்டில் மேலும் நான்கு பேர் வரை பன்னாட்டுச் சந்தாவில் பாதி கட்டினால் போதும்.

சேவைக்கும் இது லாபம். ரோட்டரி 1985-இல் போலியோ ஒழிப்பை உலகப் பணியாக எடுத்துக்கொண்டது. இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ இல்லா நாடு என்ற சான்று வந்தது. அந்த வெற்றி மேடையில் கிடைத்ததல்ல. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் வந்து தட்டியதால்தான், அந்நியருக்குத் திறக்காத பல கதவுகள் திறந்தன.

எனவே நம் தீர்ப்பு இது. ஊருக்குக் கனிவையும் வீட்டுக்குக் களைப்பையும் தருகிறவரின் சேவை பாதிச் சேவை. அதைக் கண்டும் அவருக்கு மேலும் ஒரு சால்வை போர்த்தும் சங்கமும் அந்தக் குற்றத்தில் பங்காளி. மாதத்தில் ஒரு பணியாவது வீட்டார் கூடிச் செய்வதாக இருக்கட்டும். என்ன பணி என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களும் உட்காரட்டும்.

ஆடுகோடியில் அடுத்த கண் பரிசோதனை முகாம் நடக்கும்போது, பதிவு மேசையில் மனைவி இருக்கட்டும். எழுத்துப் பலகையருகே மகள் நிற்கட்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து ஒலிக்கும் வரிசையில், பயந்து நிற்கும் முதியவரின் கையைப் பாட்டி பிடித்துக்கொள்ளட்டும். அன்றிரவு அந்த வீட்டில் சோற்றுக்கு உட்காரும்போது, எல்லோருக்கும் பேச ஒரே நாள் இருக்கும்.