தவணை நான்கு வருடம், விசா இரண்டு வருடம்



டுபாயிலும் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் நம் ஊர்ச் சகோதரர்களுக்கும், அதைவிட முக்கியமாக இங்கே இருக்கும் அவர்களுடைய மனைவிமார், உம்மாமாருக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கும் இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

சில காலமாக நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான விளம்பரங்கள் வருகின்றன. "டுபாயில் உங்களுக்கும் ஒரு சொகுசு வீடு. மாதம் 1 சதவீதம் மட்டும். வட்டி இல்லை." கூடவே நீச்சல் தடாகம் உள்ள தொடர்மாடிப் படம் ஒன்று. படத்தில் இருக்கும் கட்டடம் இன்னும் கட்டப்படவே இல்லை. வாங்குபவர் கையில் கிடைப்பது ஒரு ஒப்பந்தமும் ஒரு தவணை அட்டவணையும்தான்.

இதில் ஆசைப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 வரை போனதைப் பார்த்தோம். பத்து வருடம் உழைத்து ஊர் வங்கியில் போட்டு வைத்தவர்களின் காசு கண்முன்னே கரைந்தது. திர்ஹம் அப்படியல்ல. 1997 முதல் ஒரு டொலருக்கு 3.6725 என்று அசையாமல் நிற்கிறது. ஊரில் காணி வாங்கலாம் என்றால், கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நமக்கு இருப்பது ஒரு நாடா அளவு நிலம். சாய்ந்தமருதிலோ கல்முனைக்குடியிலோ ஒரு பேர்ச் என்ன விலை என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே வெளியில் ஒரு சொத்து வேண்டும் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. பிரச்சினை அந்தத் தவணையில்தான்.

ஒரு உதாரணக் கணக்கு. வீட்டின் விலை 8 இலட்சம் திர்ஹம். முற்பணம் 10 சதவீதம், அதாவது 80,000. நிலத் திணைக்களப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், 32,000. பிறகு 50 மாதம், மாதம் 8,000. சாவி வாங்கும் நாளில் மீதி 40 சதவீதம், 3 இலட்சத்து 20 ஆயிரம்.

தவணை நான்கு வருடத்துக்கும் மேல் ஓடுகிறது. ஆனால் அங்கே சாதாரண வேலை விசா இரண்டு வருடம். கொம்பனி புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கட்டி முடியும்வரை அந்த வீட்டிலிருந்து ஒரு திர்ஹம் வாடகை வராது. தான் படுக்கும் கட்டிலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டேதான் தவணையும் கட்ட வேண்டும்.

இப்போது ஒரு வருடம் கழித்து வேலை போகிறது என்று வையுங்கள். அதுவரை விலைக்கென்று கட்டியது 80,000 கூட்டல் 96,000. மொத்தம் 1,76,000. "நிறுத்திவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்கலாம்" என்று நினைக்கிறீர்களா? டுபாயின் 2008ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேறு கதை சொல்கின்றன. வாங்கியவர் தவணையை நிறுத்தினால் நிலத் திணைக்களம் 30 நாள் அறிவித்தல் கொடுக்கும். அதற்குள் தீர்க்காவிட்டால் கட்டுநர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். கட்டட வேலை தொடங்கி 60 சதவீதத்தை எட்டவில்லை என்றால், வீட்டின் விலையில் 25 சதவீதம் வரை அவர் வைத்துக்கொள்ளலாம். 60ஐத் தாண்டியிருந்தால் 40 சதவீதம் வரை.

கவனியுங்கள், இது கட்டிய காசில் 25 சதவீதம் அல்ல. வீட்டின் முழு விலையில் 25 சதவீதம். நம் கணக்கில் அது 2 இலட்சம் திர்ஹம். கட்டியதே 1,76,000தான். ஒரு சதமும் திரும்பாமல் போகலாம். பதிவுக் கட்டணத்தையும் சேர்த்தால் 2,08,000. திர்ஹமுக்கு 80 ரூபா என்று பார்த்தாலும் 1 கோடியே 66 இலட்சம் ரூபா. இதில் யாரும் மோசடி செய்யவில்லை. எல்லாம் சட்டப்படிதான்.

"டுபாய் விலை ஏறிக்கொண்டேதான் போகும், இடையில் விற்றுவிடலாம்" என்பது அடுத்த பேச்சு. 2008 முடிவில் தொடங்கிய வீழ்ச்சியில் அங்கே வீட்டு விலை ஏறத்தாழ பாதியானது. 2009 நவம்பரில் டுபாய் வேர்ல்ட் நிறுவனமே கடனுக்குத் தவணை கேட்டது. அபுதாபி 10 பில்லியன் டொலர் கொடுத்துக் கைதூக்கியது. 2010 ஜனவரியில் புர்ஜ் டுபாய், புர்ஜ் கலீபா ஆனது. 2014க்குப் பிறகும் விலை சில வருடம் இறங்கியது, 2021 முதல் மீண்டும் ஏறியது. விலை விழும் காலமும் வேலை போகும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

"வட்டி இல்லையே, ஹலால்தானே" என்பவர்களுக்கு: மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் வேலை. நான் கணக்கு வாத்தியார். ஹலால் என்பதும் பாதுகாப்பு என்பதும் இரண்டு கேள்விகள் என்று மட்டும் சொல்வேன். சாவி நாளில் கேட்கும் 3 இலட்சத்து 20 ஆயிரம் எங்கிருந்து வரும்? பலருக்கு வங்கிதான் வழி. இஸ்லாமிய வங்கியும் முதலில் கேட்பது சம்பளச் சான்றைத்தான்.

கோல்டன் விசா பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வருட விசாவுக்குச் சொத்தின் பெறுமதி 20 இலட்சம் திர்ஹம் இருக்க வேண்டும். 8 இலட்சத்துக்கு அது வராது. அதைவிடக் குறைந்த தொகைக்குரிய விசாவின் நிபந்தனைகளைத் தரகரிடம் கேட்காதீர்கள், நிலத் திணைக்களத்திடமே கேளுங்கள்.

அடுத்து, நம் வீட்டுப் பெண்களின் விடயம். நம் பகுதியில் வீடு பெண்பிள்ளையின் பெயரில்தான் இருக்கும். சீதனம் சரியா பிழையா என்பது வேறு பதிவு. ஆனால் உறுதி எங்கே இருக்கிறது, எல்லை எது என்று நம் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் தெரியும். டுபாய் வீட்டின் கதவிலக்கம்கூட அவர்களுக்குத் தெரியாது. அவர் அங்கே மௌத்தானால் வாரிசுச் சான்று, அறபு மொழிபெயர்ப்பு, வெளிவிவகார அமைச்சு, தூதரகம், டுபாய் நீதிமன்றம் என்று அலைய வேண்டியது இத்தாவில் இருக்கும் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும்தான். தவணை நின்றால் அந்த 30 நாள் அறிவித்தல் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகும்? குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. நாம் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்?

வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாங்குவதற்கு முன்:

1. காசு தரகரின் கணக்குக்கோ தனியாளின் கணக்குக்கோ போகக்கூடாது. 2007ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டப்படி அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போக வேண்டும்.

2. ஒப்பந்தம் நிலத் திணைக்களத்தின் இடைக்காலப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத விற்பனை செல்லாது. கட்டட வேலை எத்தனை சதவீதம் என்பதை டுபாய் ரெஸ்ட் செயலியில் நீங்களே பாருங்கள்.

3. வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சதுர அடிக்கு 15 திர்ஹம் என்றால் 700 சதுர அடிக்கு வருடம் 10,500. ஆள் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். நீச்சல் தடாகம் சும்மா வராது.

4. ஒப்பந்தத்தின் பிரதி, கட்டிய ரசீதுகள், திட்டத்தின் பெயர், வீட்டிலக்கம் எல்லாம் மனைவியின் கையிலும் இருக்க வேண்டும்.

5. விசா முடியும் திகதிக்குப் பிறகு வரும் தவணைகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை இன்றே கையில் இருக்கிறதா? இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அந்த வீடு உங்களுக்கு இன்னும் எட்டவில்லை. கொஞ்சம் சேர்த்து, கட்டி முடிந்த சிறிய வீடொன்றைப் பிறகு பாருங்கள்.

சகோதரிகளே, "இங்கே ஒன்று புக் பண்ணப் போறன்" என்று அவர் சொன்னால் மாஷா அல்லாஹ் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஐந்தாவது கேள்வியைக் கேளுங்கள். கேட்பது சந்தேகம் அல்ல, உங்கள் பிள்ளைகளின் காசு அது.

வெளிநாட்டில் இருக்கும் யாருக்காவது இது பயன்படும் என்றால் அனுப்பி வையுங்கள். அங்கே வாங்கி நல்லபடியாக முடித்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். அல்லாஹ் நம் எல்லோருடைய உழைப்பிலும் பரக்கத் செய்வானாக.