அரசு வழக்கறிஞர் யாருடைய வழக்கறிஞர்?

ஆணவக்கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேச்செல்லாம் தண்டனையைப் பற்றித்தான். ஆயுளா, தூக்கா? கொலைக்கு இவ்விரண்டும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. குற்றம் நிரூபணமானால்தானே தண்டனை? அதை நிரூபிக்க வேண்டிய அரசு வழக்கறிஞரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆட்சி மாறினால் அந்த நாற்காலியில் ஆள் மாறுவது ஊரறிந்தது. நியமனத்துக்குச் சிபாரிசு செய்கிற கட்சிக்காரர்கள் எந்தச் சாதியின் ஓட்டுக்கு அஞ்சுகிறவர்கள் என்பதும் ஊரறிந்ததே.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம் என்கிறது 4ஆம் விதி. அமர்த்தலாம், அமர்த்தியே ஆக வேண்டும் என்றில்லை. அந்த ஒரு 'லாம்' போதும், மகனைப் பறிகொடுத்தவளை மனுவும் கையுமாக அலையவிட.

கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015இல் கொலை. அவரோடு கடைசியாக இருந்த தோழியே பிறழ்சாட்சியானார். சாதாரணமாக அத்தோடு வழக்கு முடிந்திருக்கும். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவை வைத்து வழக்கை நிறுத்தினார் சிறப்பு அரசு வழக்கறிஞர் ப.பா.மோகன். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. அவர் அந்த வழக்குக்கு வந்ததும், விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியதும் அரசு தானாகத் தந்தவை அல்ல. அந்தத் தாய் போராடிப் பெற்றவை. எல்லாத் தாய்க்கும் அந்தத் தெம்பும் துணையும் வாய்க்குமா?

ஆகவே வரப்போகும் சட்டத்தில் அந்த 'லாம்' இருக்கக் கூடாது. குடும்பம் கேட்கிற வழக்கறிஞரைக் குறித்த நாளுக்குள் நியமிக்க வேண்டும். மறுத்தால் ஆட்சியர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கட்டணத்தை அரசே கொடுக்கட்டும். ஆட்சி மாறினாலும் வழக்கு முடியும்வரை அவரை மாற்றக் கூடாது, குடும்பமே கேட்டாலொழிய. குற்றவாளிகள் விடுதலையானால், மேல்முறையீடு வேண்டாமென்று அரசு வழக்கறிஞர் கொடுக்கும் கருத்து இன்று கோப்புக்குள் கிடக்கிறது. அதன் நகல் குடும்பத்தின் கைக்கு வர வேண்டும், மேல்முறையீட்டுக் காலக்கெடு முடியும் முன்பே.