சீமைச்சாமந்தித் தேநீர்

பியற்றிக்ஸ் பொட்டர் எழுதி 1902ஆம் ஆண்டில் வெளிவந்த முயற்குட்டிக் கதையை மாணவர் பலர் படித்திருப்பர். அயலார் தோட்டத்தில் திருட்டுத்தனமாகத் தின்று, அஞ்சியோடி, உடல்நலம் குன்றி வீடு சேர்ந்த பீற்றருக்குத் தாய்முயல் கொடுத்தது சீமைச்சாமந்தித் தேநீரே. ஆங்கிலேயர் இல்லங்களில் அஃது எத்துணைப் பழகிய கைமருந்து என்பதற்கு இக்கதையே சான்று.

பெயர் தேநீராயினும் இதில் தேயிலை இல்லை. உறக்கத்தைக் கலைக்கும் கஃபீனும் இல்லை. உலர்ந்த பூக்களே சரக்கு. மணம் அப்பிட்பழத்தை ஒத்திருத்தலால் கிரேக்கர் இதனை ‘நில அப்பிள்’ என்றனர்.

இரண்டு தேக்கரண்டி பூவைக் கோப்பையிலிட்டு, கொதிநீர் ஊற்றி, உடனே மூடிவிடுங்கள். பத்து நிமிடங்களின் பின் வடித்துப் பருகலாம். மூடாது விட்டால் நறுமண எண்ணெய் ஆவியோடு போய்விடும். கொத்தமல்லியைப்போல் அடுப்பிலேற்றிக் காய்ச்சுவதும் அதனாலேயே ஆகாது.

உணவின்பின் வயிற்றுப் பொருமல் தணியவும், இரவில் மனம் அமைதியுறவும் மேனாட்டார் இதனைப் பருகுவர். எனினும், தீராத நித்திரையின்மைக்கு இதுவே மருந்தென நம்பியிருத்தல் தகாது.

இன்னுமொன்று: இருதய நோய்க்காக இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்து உண்பவர்க்கு இத்தேநீர் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். செவ்வந்தி இனப் பூக்கள் ஒவ்வாதாரும் இதனை விலக்குதல் வேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே பருகுக. பாட்டனாருக்கு அன்போடு ஒரு கோப்பை நீட்டுமுன், அவர் உண்ணும் குளிசைகள் எவையென ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூவாயினும் மருந்து மருந்தேயன்றோ?