நூல் நிலையக் கட்டிடமும் மின்சாரச் சிக்கனமும்

பொது நூல் நிலையங்கள் பெரும்பாலும் வரிப் பணத்தையும் அரசாங்க மானியத்தையும் கொண்டே நடைபெறுகின்றன. அவ்வருவாயில் மின்சாரத்திற்குச் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் நூல் வாங்குவதற்குக் கிட்டாத ரூபாயாகும். ஆகையால், நூல் நிலையக் கட்டிடத்தை எவ்வாறு அமைப்பது என்னும் வினா பொறியியலாருக்கு மட்டுமன்றி வாசகர் அனைவருக்கும் உரியதாகும்.

இக்கட்டிடம் இருவேறு தேவைகளை நிறைவு செய்ய வேண்டும். நூல்களுக்கு நேர் வெயில் ஆகாது. அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்திற்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பற்றும். வாசகருக்கோ வெளிச்சமும் காற்றும் இன்றியமையாதவை. நூலடுக்குகளை உட்பகுதியிலும், வாசிப்பு மேசைகளைச் சாளரங்களின் அருகிலும் அமைத்தால் இரு தேவைகளும் நிறைவேறும். பகலில் விளக்கெரிக்கும் நேரமும் குறையும்.

அடுத்தது திசை. வடபுறச் சாளரத்தின் ஒளி கண்ணைக் கூசாது. நாள் முழுவதும் ஏறக்குறையச் சீராக இருக்கும். தெற்கு வெயிலைத் தடுப்பதும் எளிது. டில்லியில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 85 பாகை உயரத்தில் நிற்கிறது. டிசம்பரில் 38 பாகை உயரமே. ஆதலால், சாளரத்தின் மேல் அளவறிந்து நீட்டிய சாய்ப்பு கோடை வெயிலைத் தடுத்துக் குளிர்கால வெயிலை உள்ளே விடும். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் சாய்ப்புக்கு அடங்காது. எனவே, கட்டிடத்தின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருத்தல் நன்று.

இவற்றை மறந்து, கண்ணாடிச் சுவர் எழுப்பி, அது உள்ளே விடும் வெப்பத்தைக் குளிர்சாதனப் பொறியால் வெளியேற்றும் வழக்கம் பெருகி வருகிறது. பொறி பழுதுற்றாலோ, மின்கட்டணத்திற்குப் பணம் போதாவிட்டாலோ, திறக்கவியலாத சாளரங்களையுடைய அக்கூடத்தில் வாசகர் அமர முடியாது. ஈரம் தேங்கி நூல்களும் கெடும்.

பொறிகளே வேண்டா என்பது எமது கருத்தன்று. அரிய நூல்களும் சுவடிகளும் உள்ள அறைக்குக் குளிர்பதனம் தேவையே. பிற கூடங்களுக்குத் திறந்த சாளரமும் மின்விசிறியும் பெரும்பாலும் போதும். பழைய கூரை விசிறி சுமார் 75 வாட் கொள்ளுமிடத்தில் புதிய வகை சுமார் 30 வாட்டிலேயே சுழல்கிறது. 60 வாட் இழை விளக்கின் ஒளியை ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது.

2010இல் சென்னையில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் பசுமைக் கட்டிடத் தரச்சான்று பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், நாட்டின் நூல் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை சில அறைகளே கொண்டவை. 2017இல் திருத்தி வெளியிடப்பட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டிட விதித்தொகுப்போ, 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் இணைப்புச் சுமையுள்ள பெருங்கட்டிடங்களைக் கருதி எழுதப்பட்டது. சிறு நிலையங்கள் அதன் எல்லைக்குள் வாரா.

ஆகவே, மானியம் வழங்குமுன் சிறு நூல் நிலையங்களின் வரைபடத்திலும் நான்கு செய்திகளைச் சரிபார்த்தல் வேண்டும்: கட்டிடத்தின் திசை, சாளரங்களின் சாய்ப்பு, எதிரெதிரே திறக்கும் சாளரங்கள், கூரையின் வெப்பத் தடுப்பு. ஒற்றைத் தளக் கட்டிடத்தில் வெப்பம் மிகுதியும் கூரை வழியே புகுவதால், மேல்தளத்தில் வெள்ளை ஓடு பதிப்பதும் சுண்ணாம்பு பூசுவதும் கூட நற்பயன் தரும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு உடையதன்று. கட்டிடம் எழுந்த பின்னர்த் திருத்துவதோ அரிது. வரைபடத்தின் குறைக்காக ஆண்டுதோறும் மின்கட்டணம் செலுத்த நேரும். மாநில நூலகத் துறைகளும் பொதுப்பணித் துறைகளும் கலந்து இதற்கோர் எளிய விதியை வகுக்க முன்வருதல் வேண்டும்.