காதுக்கு வந்த மிஷின் அலமாரிக்குப் போவது ஏன்?

வள்ளுவர் கல்விக்கு ஒரு அதிகாரம் வைத்தார். கல்லாமைக்கு ஒன்று வைத்தார். அதற்கு அடுத்தபடியாகவே ‘கேள்வி’ என்று ஒரு அதிகாரம் வைத்தார். படிக்க முடியாமல் போனவனுக்கும் காது என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதனால்தான் இந்த வரிசை என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் அப்பாவுக்கு உலகம் முழுக்கக் காது வழியாகத்தான் வந்தது. அந்த வாசலும் சாத்திக்கொண்டால் அவர் மாதிரி ஆட்கள் எங்கே போவார்கள்?

நண்பர்களே, நாம் மின்னணுவியல் படிப்பவர்கள். காது கேட்கும் கருவியின் கதை நம் பாடத்தின் கதையும்கூட. டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது 1947இல். அது சாதாரண மக்கள் கைக்கு முதலில் எந்தப் பொருளில் வந்தது என்று கேட்டால் பலரும் ரேடியோ என்போம். இல்லை! 1952 கடைசியில் அமெரிக்காவில் வந்த காது மிஷினில்தான் வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ வந்ததோ 1954இல்தான். பிறகு 1996இல் முழு டிஜிட்டல் கருவிகள் கடைக்கு வந்தன. 2018இல் காலடியை எண்ணும், மொழிபெயர்த்துச் சொல்லும் கருவி வந்தது. 2024இல் இரைச்சலில் இருந்து பேச்சை மட்டும் பிரித்தெடுக்கத் தனிச் சில்லு வைத்த கருவியும் வந்துவிட்டது. பெருமையான விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காது கேட்கும் கருவியால் பலன் பெறக்கூடியவர்களில் 100க்கு 17 பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். மீதி 83 பேர் எங்கே? விஞ்ஞானம் இவ்வளவு தூரம் ஓடியும் அவர்கள் காதுக்கு ஏன் வந்து சேரவில்லை? விலை ஒரு காரணம்தான். ஆனால் விலையே இல்லாமல் கிடைத்த கருவியும் அலமாரிக்குள் போவதை நான் எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன்.

என் அப்பா இருபது வருடத்துக்கும் மேலாக விசைத்தறி ஓட்டுகிறவர். தறிப்பட்டறைக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே கையைக் காட்ட வேண்டும். நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு. நாடா அடிக்கும் தறிகள் வரிசையாக ஓடினால் அது சுலபமாகத் தாண்டிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முகாமில் அப்பாவுக்கு இலவசமாக ஒரு மிஷின் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். மூன்று வாரம் போட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் ஒரு இன்ஜினியரிங் கேள்வி!

முதல் காரணம்: “சத்தம் பெருசாக் கேக்குதுடா, பேச்சுத்தான் கேக்கமாட்டேங்குது.” இது சத்தியமான வார்த்தை. இரைச்சலால் கெடும் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி இழப்பதில்லை. முதல் அடி பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். தாழ்ந்த ஒலிகள் ஓரளவு நன்றாகவே கேட்கும். ‘ச’, ‘த’ போன்ற மெய்யெழுத்தின் கூர்மை மட்டும் போய்விடும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது புரியாது. அப்படிப்பட்ட காதுக்கு எல்லா அலைவரிசையையும் சமமாக ஏற்றிக் கொடுத்தால் தலைவலிதான் மிச்சம். ஆடியோகிராம் எடுத்து, எந்த அலைவரிசைக்கு எவ்வளவு பெருக்கம் என்று ஆடியாலஜிஸ்ட் அமைத்துத் தர வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப வரச்சொல்லி மாற்றித் தரவும் வேண்டும். டிஜிட்டல் கருவியில் அதற்கான வசதி உள்ளே இருக்கிறது. அதைத் திருப்பி வைக்க ஆள்தான் இல்லை. முகாம் மேசையில் ஐந்து நிமிடத்தில் மாட்டி அனுப்பினால், எவ்வளவு உயர்ந்த சில்லு இருந்தும் என்ன பயன்?

இரண்டாவது பேட்டரி. சின்ன மிஷின்களில் போடுவது துத்தநாக-காற்று பேட்டரி. மேலே இருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் துளை வழியாகக் காற்று புகுந்து வேலை ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு மிஷினை அணைத்து வைத்தாலும் உள்ளே தேய்ந்துகொண்டுதான் இருக்கும். இதை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கடையில் அந்த பேட்டரி கிடையாது. வாட்ச் கடையில் கேட்டால் எல்.ஆர்.44 பட்டன் செல்லை நீட்டுகிறார்கள். உருவத்தில் 675 நம்பர் காது பேட்டரி மாதிரியே இருக்கும், உள்ளே பொருந்தவும் பொருந்தும். ஆனால் கொள்ளளவு மிகக் குறைவு, சீக்கிரமே படுத்துவிடும். சார்ஜ் ஏற்றும் லித்தியம் கருவிகள் வந்திருப்பது உண்மையிலேயே பயனாளிக்கு வேண்டிய புதுமை. அதை நான் கைதட்டி வரவேற்கிறேன். ஆனால் அது விலை கூடிய ரகங்களில்தான் அதிகம் இருக்கிறது.

மூன்றாவது வியர்வை. பட்டறைக்குள் அடிக்கும் சூட்டில் காதுக்குப் பின்னால் தண்ணியாக ஊற்றும். குழாய்க்குள் ஈரம் கோத்துக்கொண்டால் சத்தம் வராது. தண்ணீர் புகாத கருவிகள் இருக்கின்றன. அவை இல்லாதவர்களுக்கு, மூடி இறுகிய ஒரு டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். ராத்திரி அதில் போட்டு வைத்தால் ஈரம் உறிஞ்சிவிடும். இந்தச் சின்ன டப்பாவைக்கூட மிஷினோடு சேர்த்துக் கொடுக்க ஒருவரும் நினைக்கவில்லையே!

நான்காவது போன். பழைய மிஷின்கள் பலவற்றில் ‘டி’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். உள்ளே ஒரு சின்னக் கம்பிச்சுருள். போனில் இருந்து வரும் காந்தப் புலத்தை அது நேராகப் பிடித்துக் கொடுக்கும். சுற்றுப்புற இரைச்சல் உள்ளே வராது. கருவியைச் சின்னதாக்கும் போட்டியில் பல மாடல்களில் அந்தச் சுருளை எடுத்துவிட்டு புளூடூத் வைத்தார்கள். நல்ல ஸ்மார்ட்போன் வைத்திருப்பவருக்கு அது வரப்பிரசாதம். பட்டன் போன் வைத்திருக்கும் தறிக்காரருக்கு?

ஐந்தாவது ரிப்பேர். காது அழுக்கு அடைத்தாலும், குழாய் விறைத்துப்போனாலும், பேட்டரி முனை பச்சை பிடித்தாலும் ‘மிஷின் கெட்டுப்போச்சு’ என்ற ஒரே தீர்ப்புத்தான். எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் பெரிய நகரத்தில். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும்.

இதோடு சட்டத்தின் கோடு ஒன்றும் குறுக்கே நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ‘காது மந்தமானவர்’. 50 டெசிபல் இழந்தவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். சான்றிதழ் கிடையாது, சலுகை கிடையாது. வாங்கவும் வசதி கிடையாது. பட்டறையில் இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

விலை குறைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடலாம். அமெரிக்காவில் 2022 அக்டோபரில் இருந்து, லேசான மற்றும் நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்கள் சீட்டு இல்லாமலே கடையில் கருவி வாங்கலாம். 2024 செப்டம்பரில் ஏர்பாட்ஸ் இயர்போனையே காது கருவியாகப் பயன்படுத்த அங்கே அனுமதி கிடைத்தது. 2020இல் ஜார்ஜியா டெக் கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மொத்தமாகச் செய்தால் ஒரு டாலருக்குள் பாகங்கள் முடிந்துவிடும் ‘லோக்எய்டு’ கருவியை வடிவமைத்து, வரைபடத்தை உலகத்துக்கே திறந்து வைத்தார்கள். கடையில் கிடைக்கும் பாகங்கள், 3டி அச்சில் செய்த உறை. நம் லேபிலேயே செய்து பார்க்கக்கூடிய சமாசாரம்! இவையெல்லாம் சரியான திசையில் வைத்த அடிகள்தான். ஆனால் அப்பா சொன்ன ஐந்து காரணங்களில் விலை என்ற வார்த்தையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு வந்தது இலவச மிஷின். அவருக்கு வராமல் போனது, அது கைக்கு வந்த மறுநாளில் இருந்து வேண்டிய உதவி.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான். காது கருவியில் புதுமை நிறைய நடக்கிறது. அதில் பெரும்பகுதி கருவிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. உலகச் சந்தையின் பெரும்பங்கு ஐந்து பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அவர்கள் பணம் கொடுத்து வாங்குகிறவரைப் பார்த்துத்தான் செய்வார்கள். குமாரபாளையத்துப் பட்டறையையும் சோமனூர்ப் பட்டறையையும் பார்த்து யார் செய்வது? நாம்தான் செய்ய வேண்டும்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். நம் மாணவர் மன்றம் மாதம் ஒரு சனிக்கிழமை, கல்லூரி வாசலில் ஒரு மேசை போடட்டும். மல்டிமீட்டர், தூரிகை, குழாய், சிலிக்கா ஜெல் டப்பா, சரியான நம்பர் பேட்டரி இவ்வளவும் போதும். பேட்டரி மின்னழுத்தம் பார்ப்போம். அழுக்கு எடுப்போம். விறைத்த குழாயை மாற்றுவோம். எப்படி வைத்துக்கொள்வது என்று நம் ஊர்ப் பேச்சில் சொல்லிக் கொடுப்போம். பெருக்கத்தை மாற்றுவது நம் வேலை இல்லை, அது ஆடியாலஜிஸ்ட் வேலை. அதற்கு அரசு மருத்துவமனையில் இருந்து ஒருவர் மாதம் ஒரு முறை வர முடியுமா என்று துறைத் தலைவர் மூலமாக மனு கொடுப்போம். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிற நண்பர்கள், வியர்வை தாங்கும் உறை ஒன்றைச் செய்து பட்டறைக்காரர் காதில் மாட்டிப் பாருங்கள். மார்க் போடும் ஆசிரியரைவிட அவர் கடுமையான பரீட்சகர்!

இலவசமாக மிஷின் கொடுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். நூறு பேருக்குக் கொடுத்துப் போட்டோ எடுப்பதற்குப் பதில் ஐம்பது பேருக்குக் கொடுங்கள். மீதிப் பணத்தில் அந்த ஐம்பது பேரையும் மூன்று முறை திரும்பப் பாருங்கள்.

இந்த ஆண்டு மலரைப் படிக்கிற ஒவ்வொருவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பேசாமல் கிடக்கும் மிஷின் ஒன்று இருக்கலாம். எடுத்து வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில், அவற்றில் எத்தனை மிஷின் திரும்பக் காதுக்கு ஏறியது என்ற கணக்கை நாம் அச்சிட வேண்டும்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை